தொட்டியை விடுங்கள், திரவத்தைப் பாருங்கள்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு பார்ட்ஸ் வாஷர்

மோட்டார்சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிறவர், பழைய வெஸ்பா ஒன்றை ஓட வைக்கப் பாடுபடுகிறவர், சைக்கிள் சங்கிலியைத் தானே கழற்றிக் கழுவுகிறவர், சின்ன லேத் ஒன்றை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கிறவர், இவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் பார்ட்ஸ் வாஷர் ஆசை வந்துவிடுகிறது. பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, தேய்ந்துபோன பல்துலக்கியால் கிரீஸைச் சுரண்டும் வேலை அலுத்துப்போகிறது. இணையக் கடையில் தேடினால் சில பத்து வெள்ளியிலிருந்து சில ஆயிரம் வெள்ளிவரை விதவிதமான தொட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. எது நல்லது என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம், கேள்வியைத் தலைகீழாகக் கேட்பது. எந்த இயந்திரம் என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தொட்டியில் எதை ஊற்றப்போகிறீர்கள்? அது அழுக்கானபின் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? சிங்கப்பூரில், அதுவும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு, இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை சொன்னாலே கடையில் இருக்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பார்ட்ஸ் வாஷர் என்பது திரவம் நிறைந்த ஒரு தொட்டி, அவ்வளவுதான். அந்தத் திரவத்தைச் சிறு பம்ப் ஒன்று மேலே ஏற்றி, குழாய் வழியாகவோ பிரஷ் வழியாகவோ பாகத்தின்மேல் ஊற்றும். கசடு அடியில் தங்கும், திரவம் மறுபடி மேலே போகும். சிலவற்றில் சூடாக்கி இருக்கும். சிலவற்றில் பம்புக்குப் பதிலாக, காதுக்கு எட்டாத மீயொலி (அல்ட்ராசோனிக்) அதிர்வு இருக்கும். மற்றதெல்லாம் கால், மூடி, சக்கரம் போன்ற சில்லறைகள்.

அழுக்கு எப்படிப் போகிறது?

ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர், ஹென்கெல் சோப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1960 வாக்கில் அவர் முன்வைத்த ஒரு வட்டம் இன்றும் சுத்திகரிப்புத் தொழிலில் பாடமாக இருக்கிறது. எந்த அழுக்கையும் நான்கு சக்திகள் சேர்ந்துதான் அகற்றுகின்றன: வேதிப்பொருள், சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டித்தான் ஆகவேண்டும். கடைக்காரர் எதை நீட்டினாலும் இந்த நான்கில் எதை அது எனக்குக் கூட்டித் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பம்ப் உள்ள தொட்டி தேய்ப்பில் கொஞ்சம் கைகொடுக்கிறது. சூடாக்கி சூட்டைத் தருகிறது. மீயொலித் தொட்டி கை நுழையாத துளைகளுக்குள் தேய்ப்பைக் கொண்டுபோகிறது. மூன்றும் இல்லாத ஒரு வாளியும் மூடியும்கூட, இரவு முழுக்க ஊறவிட்டால், நேரத்தைக் கொண்டே வேலையை முடித்துவிடும். அவசரம் இல்லாத வீட்டுப் பட்டறையில் நேரம்தான் மலிவான சக்தி என்பது என் எண்ணம். இயந்திரம் விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

வேதிப்பொருளில் இரண்டு குலங்கள். ஒன்று கரைப்பான்: மண்ணெண்ணெய், வெள்ளை ஸ்பிரிட் வகைகள். இவை கிரீஸைத் தம்மோடு கரைத்துக்கொள்கின்றன. பலாப்பழம் வெட்டும்போது கையில் ஒட்டும் பால் எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாமல் தேங்காய் எண்ணெய்க்குப் பணிந்துவிடுகிறதே, அந்த ஞாயம்தான். மற்றொன்று தண்ணீரில் கலக்கும் காரச் சோப்புத் திரவம். இது கிரீஸைக் கரைப்பதில்லை. சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து, உலோகத்திலிருந்து பெயர்த்து, தண்ணீரில் மிதக்கவிடுகிறது. அதனால்தான் இதற்குச் சூடு வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் கெட்டி கிரீஸ் அசையாது. 50, 60 டிகிரி செல்சியஸில் இளகி, தானே விட்டுக்கொடுக்கும்.

கரைப்பான் ஏன் இங்கே சிக்கல்?

வேகத்தில் கரைப்பானுக்கு ஈடில்லை. சூடாக்கத் தேவையில்லை, துரு பிடிக்க வைக்காது, அலுமினியத்தைத் தொடாது. கார் பட்டறைகளில் பல காலமாக இதுதான் ஆட்சி செய்தது. ஆனால், இவ்வகைக் கரைப்பான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அந்தச் சூட்டை எட்டினால் அதன் மேலே நிற்கும் ஆவி ஒரு பொறி பட்டதும் தீப்பிடிக்கும். ஃபிளாஷ் பாயிண்ட் என்று டப்பாவின் பாதுகாப்புத் தாளில் போட்டிருப்பார்கள். பெட்ரோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. அதாவது எந்த நாட்டிலும் எந்த நேரத்திலும் ஆபத்து. பெட்ரோலில் பாகம் கழுவும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதைப் பற்றி வாதிடவே ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

மண்ணெண்ணெயும் சாதாரண வெள்ளை ஸ்பிரிட்டும் கிட்டத்தட்ட 40 டிகிரிப் பக்கம் நிற்கின்றன. குளிர்நாட்டுப் பட்டறையில் அறைவெப்பம் 18, 20 டிகிரி இருக்கும்போது இந்த 40 ஒரு வசதியான தூரம். இங்கே பிற்பகல் காற்றே 31, 32 டிகிரி. வெயில் விழும் வராந்தாவில் கறுப்பு நிற இரும்புத் தொட்டியை வைத்துப் பாருங்கள், மீதி இடைவெளியையும் வெயில் தின்றுவிடும். வெளிநாட்டுக் காணொளிகளில் ஒருவர் நிதானமாக மண்ணெண்ணெய்த் தொட்டிமுன் நின்று வேலை செய்வதைப் பார்த்து நாமும் அப்படியே செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். கரைப்பான்தான் வேண்டும் என்று தரைவீட்டுக்காரர் யாராவது முடிவெடுத்தால், 60 டிகிரிக்கு மேல் ஃபிளாஷ் பாயிண்ட் உள்ள வகையைக் கேட்டு வாங்கலாம். மெதுவாக உலரும், கொஞ்சம் பிசுபிசுப்பும் விடும். அந்தத் தொல்லை பரவாயில்லை.

இன்னொன்று: மலிவான தொட்டிகள் பலவற்றின் மூடியிலேயே தண்ணீர் அடிப்படையிலான திரவம் மட்டும் என்று அச்சிட்டிருக்கும். அது சும்மா ஒட்டியதல்ல. உள்ளே இருக்கும் பம்ப் தீப்பற்றும் திரவத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. கரைப்பானுக்கென்றே வடிவமைத்த தொட்டியில் மூடியைத் தாங்கும் கையில் எளிதில் உருகும் ஓர் இணைப்பு இருக்கும். தீப்பிடித்தால் அது உருகி, மூடி தானாக விழுந்து, தீயை மூச்சுத்திணற வைக்கும். அந்த இணைப்பு இல்லாத தொட்டியைக் கரைப்பான் தொட்டி என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் நிலைமை இன்னும் நேரடியானது. கழுவும் வேலைக்கு நமக்கு இருக்கும் இடம் அடுப்படியை ஒட்டிய துணி உலர்த்தும் பகுதிதான். கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பு இருக்கும் பக்கம் போகும். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் காப்பறையில் வைக்கலாமே என்று தோன்றும். தடித்த சுவரும் இரும்புக் கதவுமாகக் காற்றோட்டம் குறைந்த அந்த அறைதான் வீட்டிலேயே மோசமான இடம். பொதுத் தாழ்வாரத்தில் தீப்பற்றும் பொருளை வைப்பதற்கு குடிமைத் தற்காப்புப் படை இடம் கொடுக்காது. ஆகவே அடுக்குமாடி வீட்டில் கரைப்பான் தொட்டி வேண்டாம். சின்ன டப்பாவில் கொஞ்சம் ஊற்றிச் சங்கிலியைக் குலுக்கி எடுப்பது வேறு, நாற்பது லிட்டரைத் திறந்து வைப்பது வேறு.

பிரேக் கிளீனர் போன்ற தெளிப்பான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் குளோரின் கலந்த வகைகள் உண்டு. அவை தீப்பிடிக்காது என்பதே விளம்பரம். ஆனால் அவற்றால் துடைத்த இரும்பைச் சரியாக உலரவிடாமல் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயுதான்.

தண்ணீர் வழி

ஆக, பெரும்பாலானவர்களுக்குத் தண்ணீரில் கலக்கும் திரவம்தான். ஜாலான் புசார் வட்டார வன்பொருள் கடைகளில் ஐந்து லிட்டர் கேன்களில் கிரீஸ் அகற்றும் திரவமான டிகிரீஸர் பலவகை கிடைக்கும். வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும்: அலுமினியத்துக்குப் பாதுகாப்பானதா? கடுமையான காரம், குறிப்பாக காஸ்டிக் சோடா சேர்ந்த திரவம், இரும்பைச் சும்மா விட்டுவிடும், அலுமினியத்தை அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும், பாகம் கறுத்துப்போகும். கார்புரேட்டர், கியர் பெட்டியின் மூடி, சைக்கிள் கிராங்க், இவை பெரும்பாலும் அலுமினியக் கலவை அல்லது துத்தநாகக் கலவை. ஆகவே வீட்டுப் பட்டறைக்கு மிதமான காரமே சரி. அது மெதுவாக வேலை செய்தால் சூட்டைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். சின்னரின் வட்டம் அதைத்தான் சொல்கிறது.

தொட்டியின் அளவில் பலர் பேராசைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.25 யூனிட் மின்சாரம் வேண்டும். 500 வாட் சூடாக்கி என்றால் இரண்டரை மணி நேரம், மூடி சரியாக மூடாவிட்டால் அதற்கும் மேலே. காசு பெரிதில்லை, காத்திருப்புதான் பெரிது. ஒரு பேரிங்கைக் கழுவ இரண்டரை மணி நேரம் காத்திருக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? விளைவு, சூடாக்காமலே கழுவத் தொடங்குவீர்கள், அழுக்கு போகாது, இயந்திரத்தைத் திட்டுவீர்கள். நீங்கள் அடிக்கடி கழுவும் பாகம் எதுவோ அதற்கேற்ற தொட்டியை வாங்குங்கள். எப்போதோ ஒருமுறை வரும் இன்ஜின் பெட்டிக்குப் பெரிய பிளாஸ்டிக் பெட்டியும் கெட்டிலில் கொதித்த தண்ணீரும் போதும்.

நுண்ணுயிர்கள் கிரீஸைத் தின்னும் தொட்டி என்று ஒரு வகையும் உண்டு. சுமார் 40 டிகிரி சூட்டிலேயே எப்போதும் வைத்திருந்தால்தான் அந்த உயிர்கள் வேலை செய்யும். தினமும் ஓடும் பட்டறைக்கு அருமையானது. வாரம் ஒருமுறை திறக்கும் வீட்டுப் பட்டறைக்கு வேண்டாம்.

மீயொலித் தொட்டி

கார்புரேட்டர் கழுவுகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. தொட்டியின் அடியில் ஒட்டிய அதிர்வான்கள் விநாடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிர்கின்றன. தண்ணீருக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழ்கள் தோன்றி, தோன்றிய வேகத்திலேயே உள்ளே நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் பரப்பில் ஒரு சின்ன அடி. ஊசி நுழையாத ஜெட் துளைக்குள்ளும் அந்த அடி விழும். பிரஷால் முடியாத ஒரே வேலை அது. 25, 28 கிலோஹெர்ட்ஸ் அளவில் அடி பலமாக விழும், நுட்பமான பாகங்களுக்கு முரடு. வீட்டுப் பட்டறைக்கு 40 பொருத்தம்.

ஆனால் மந்திரம் ஒன்றும் இல்லை. கெட்டியாக அப்பியிருக்கும் கிரீஸ் மீயொலியை விழுங்கிவிடும். முதலில் மரக்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்து, மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும் நிலையில்தான் உள்ளே விட வேண்டும். பாகத்தைத் தொட்டியின் தரையில் படுக்க வைக்கக்கூடாது. கூடையில் தொங்க வேண்டும், இல்லையென்றால் தரைத்தகடு தேயும், அதிர்வும் அடங்கிப்போகும். புதிதாக ஊற்றிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழ்களின் வேகத்தைக் கெடுக்கும். பாகம் போடாமல் சில நிமிடம் ஓடவிட்டால் அது வெளியேறிவிடும். ரப்பர் டயஃபிரம், மிதவை, ஓ-ரிங் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். தீப்பற்றும் கரைப்பானை இதில் ஒருபோதும் ஊற்றக்கூடாது, மின்சாரமும் சூடும் கூடவே இருக்கின்றன.

வாங்கிய தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய அடுப்படி அலுமினியத் தாள் போதும். ஒரு துண்டைக் கிளிப்பில் பிடித்துத் தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகளும் துளைகளும் பரவலாக விழுந்திருந்தால் நல்ல தொட்டி. ஒரு மூலையில் மட்டும் விழுந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒற்றைக் கார்புரேட்டருக்கு மூன்று லிட்டர் போதும். நான்கு சிலிண்டர் வண்டியின் நான்கையும் சேர்த்துப் போட வேண்டுமென்றால் பத்து லிட்டருக்கு மேல் பார்க்க வேண்டும். தொட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால் மின்னழுத்தத்தையும் பாருங்கள். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் பொருளைக் குத்தினால் அதுவே அதன் கடைசி நாள். மின்னழுத்த மாற்றி ஒன்றை நடுவில் வைத்தாலும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பம்ப் மோட்டார் மெதுவாகச் சுழன்று சூடாகும். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் வீட்டு மின்பெட்டியில் கசிவைக் கண்டால் துண்டிக்கும் சாதனம் ஒழுங்காக இருக்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

கழுவிய பின்

தண்ணீர் வழிக்கு நாம் கொடுக்கும் விலை துரு. சூடான தண்ணீரிலிருந்து எடுத்த சுத்தமான இரும்பு, எண்ணெய்ப் போர்வை இல்லாமல், இந்த ஊர்க் காற்றில் நின்றால் கண்முன்னே பழுப்பேறத் தொடங்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். அதனால் இரும்புப் பாகங்களை இரவில் கழுவி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். பிற்பகலில் கழுவுங்கள். சூடாகவே எடுங்கள், அந்தச் சூடே பாதித் தண்ணீரை ஆவியாக்கிவிடும். காற்றழுத்தியால் ஊதி, உடனே தண்ணீரை விரட்டும் எண்ணெயைத் தெளியுங்கள். டபிள்யூடி-40 என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே தண்ணீரை இடம்பெயர்ப்பது என்பதைத்தான் குறிக்கின்றன. பேரிங்கைக் காற்றால் ஊதிச் சுழலவிட்டு அந்தச் சத்தத்தை ரசிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும், சில வேளை உடைந்து முகத்தில் தெறிக்கும்.

அலசிய வாளியை மறக்காதீர்கள். சோப்பு கலந்த தொட்டியில் கொசு அவ்வளவாக வராது, மூலையில் விட்டுவைத்த அலசல் தண்ணீரில் வரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அது பட்டறை வாளி என்று விளக்குவதில் பயனில்லை.

அழுக்குத் திரவம் எங்கே போகும்?

நிறையப் பேர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிக்கச் சொல்கிறேன். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிப்புப் பகுதி. வீட்டுக்கு வெளியே ஓடும் வடிகாலில் ஊற்றியது ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. குளியலறை, சமையலறைத் துளைகளில் ஊற்றியது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அதில் ஒரு பகுதி நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீராகத் திரும்பி வருகிறது. எண்ணெயும் கரைப்பானும் இரண்டு வழியிலும் போகக்கூடாது. திரவம் மட்கும் வகை என்று கேனில் எழுதியிருக்கலாம். அது புதுத் திரவத்துக்குச் சொன்னது. உங்கள் இன்ஜினின் கரியும் எண்ணெயும் உலோகப் பொடியும் கலந்தபின் அது வேறு பொருள்.

நல்ல செய்தி, சின்னத் தொட்டியில் கழிவும் குறைவு. ஒரு வாரம் அசையாமல் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் படியும். மேலே உள்ளதை உறிஞ்சுத் துணியால் எடுத்துவிட்டு, நடுவில் தெளிந்ததை மெல்ல வடித்து மறுபடி பயன்படுத்தலாம். கரைப்பானுக்கும் இதே வழிதான். பல மாதங்களுக்குப் பிறகு மிஞ்சும் திரவத்தையும் கசட்டையும் மூடி இறுகிய கேனில், என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிச் சேமியுங்கள். தொழிற்கூடங்களின் கழிவெண்ணெயையும் கரைப்பானையும் நச்சுக் கழிவு என்று வகைப்படுத்தி, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்கள்தாம் சேகரிக்கின்றன. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ நீங்கள் வழக்கமாகப் போகும் பட்டறைக்காரரிடம் தொட்டி வாங்கும் முன்பே கேட்டுவையுங்கள். இன்ஜின் எண்ணெயை ஏற்றுக்கொள்கிறவர்கூடக் கரைப்பானோ சோப்புத் தண்ணீரோ கலந்தால் மறுக்கலாம், ஏனென்றால் அது அவருடைய முழு டிரம்மையும் கெடுத்துவிடும். அவர் எதற்குச் சரி என்கிறாரோ, அதைப் பார்த்து உங்கள் திரவத்தை முடிவு செய்யுங்கள். கரைப்பான் நனைந்த துணிகளைக் குப்பைச் சரிவில் போடுவது வேண்டவே வேண்டாம். பலர் வீட்டு வழியாக இறங்கும் குழாய் அது.

என்னைக் கேட்டால், வீவக வீட்டில் சைக்கிளும் ஒற்றைக் கார்புரேட்டரும் பார்க்கிறவருக்குச் சூடாக்கியுள்ள மூன்று முதல் ஆறு லிட்டர் மீயொலித் தொட்டி ஒன்றும், மூடியுள்ள ஊறல் பெட்டி ஒன்றும், நைட்ரைல் கையுறையும் போதும். பம்ப் உள்ள தொட்டிக்கு அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. தரைவீட்டில் கார் நிறுத்துமிடத்தின் ஓரம் கிடைத்தவர் தண்ணீர்த் திரவத்துக்கான மேசைமேல் தொட்டியைப் பார்க்கலாம். இரும்புக் கால்களில் நிற்கும் பெரிய தொட்டி, வாரந்தோறும் இன்ஜின் பிரிப்பவருக்கு மட்டும்.

பட்டறையைக் காலி செய்கிறவரிடமிருந்து பழைய தொட்டி மலிவாக வந்தால் மறுக்க வேண்டியதில்லை. வடிகால் அடைப்பான் கசிகிறதா, மூடியின் உருகும் இணைப்புக்குப் பதில் கம்பி கட்டியிருக்கிறார்களா, பம்பின் தகட்டில் என்ன வோல்ட் என்று பாருங்கள். முன்பு உள்ளே என்ன ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். எல்லாம் சரி என்றால் காலியாகத் துடைத்துத் தரச் சொல்லி, அதன்பின் வண்டியில் ஏற்றுங்கள். திரவத்தோடு சேர்த்து இலவசம் என்றால், அவருடைய நச்சுக் கழிவை நீங்கள் சும்மா சுமந்து போகிறீர்கள்.